143 நாட்களின் கணக்கு

லாக்ஹீட் கம்பெனியார் இயற்றிய பி-80 என்னும் அமெரிக்க ஜெட் போர் விமானத்தைப் பற்றி எழுதுவோர் முதற்கண் கூறுவது, அதன் முதல் மாதிரி 1943-ஆம் ஆண்டில் 143 நாட்களிலே முடிந்தது என்பதே. அதனை வகுத்த கெல்லி ஜான்சனும் அவர்தம் சிறு கூட்டத்தினரும் ஆற்றிய அருஞ்செயலை நாமும் குறைத்துக் கூறோம். ஆயினும், அது முழுக் கணக்கன்று என்பது நம் கருத்து.

அமெரிக்காவின் முதல் ஜெட் விமானம் இஃதன்று. பெல் கம்பெனியாரின் பி-59, 1942 அக்டோபரிலேயே கலிபோர்னியாவில் பறந்துவிட்டது. மறைபொருள் வெளிப்படாதிருக்க, தரையில் நிற்குங்கால் அதன் மூக்கிலே பொய்விசிறி ஒன்றை மாட்டி வைத்தனராம்! ஆனால் வேகம் வாய்க்கவில்லை. மெய்விசிறி பூண்ட விமானங்கள் சில அதனை முந்தின. ஆகவே ஜெர்மானிய ஜெட் விமானங்களுக்கு எதிர்நிற்கப் பிறிதொன்று வேண்டியதாயிற்று.

அங்ஙனம் 143 நாட்களில் உருவானது உடலே. உயிர் இங்கிலாந்திலிருந்து வந்தது. டி ஹாவிலண்ட் கம்பெனியார் அனுப்பிய யந்திரம் தரைச் சோதனையில், காற்றுக் குழாய்கள் நொறுங்கி உள்ளே இழுக்கப்பட்டமையால், பழுதாயிற்று. அவர்களோ தங்கள் வாம்பயர் விமானத்தின் இரண்டாம் மாதிரிக்குரிய யந்திரத்தையே ஈந்தனர். தம் வேலை தடைப்படினும் பிறர் வேலை நடக்கவென்று ஈந்த இக்கொடையை எத்தனை பேர் நினைக்கின்றனர்? 1944 ஜனவரி 8-ஆம் நாள் மைலோ பர்ச்சம் அவ்விமானத்தை வானிற் செலுத்தினார்.

அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் நாள், பி-80 ஒன்றில் எரிபொருள் இறைக்கும் பம்பு நின்றமையால் பர்ச்சம் வீழ்ந்து மாண்டார். முதற் பறப்பிற்கும் அவர் முடிவிற்கும் இடையே 286 நாட்கள். 143-இன் சரியான இரட்டிப்பு. தற்செயலே எனினும், எண்ணிப் பார்த்தபின் மறக்க இயலவில்லை. 1945 மார்ச்சில் டோனி லெவீர் என்பார் வானிலே வால் முறிந்த விமானத்தினின்று குடையுடன் குதித்து, முதுகெலும்பு நொறுங்கியும் பிழைத்தார். ஆகஸ்டு 6-ஆம் நாள், போரில் 40 பகை விமானங்களை வீழ்த்திய ரிச்சர்டு பாங் அதே பம்புக் கோளாற்றால் இறந்தார்.

போர்க்காலத்தில் விரைவு வேண்டாவோ எனின், வேண்டும். ஆனால் பர்ச்சம் இறந்தபின் மாற்றுப் பம்பு ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. அதனை இயக்கப் பாங் மறந்தார் என்று சிலர் எழுதி முடிப்பர். தரையைவிட்டு எழும்பும் அச்சில நொடிகளில் ஒரு விசையைத் தட்ட நினைவு வந்தாலன்றி உயிர் தங்காதபடி யந்திரத்தை அமைத்துவிட்டு, மாண்டவர் மறதியின்மேல் பழியை ஏற்றுவதை நாம் ஒப்போம்.