தளபதிக்கு விழுந்த புள்ளடி
மார்சிலிங் உணவங்காடியில் தே தாரிக் ஆறும்வரை இலங்கையின் முன்னாள் ராணுவத் தளபதி சரத் பொன்சேகாவின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தேன். 2006இல் தற்கொலைத் தாக்குதலில் தப்பியது, 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த இறுதிப் போர், பிறகு சிறை, 2015இல் பீல்ட் மார்ஷல் பட்டம் எல்லாம் நாம் அறிந்ததே. எனக்கு நெருடியது 2010 அதிபர் தேர்தல்தான். தெற்கை அன்றைய அதிபர் மகிந்த ராஜபக்சே அள்ளிக்கொள்ள, போரை நடத்திய இந்தத் தளபதி வென்ற தேர்தல் மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் வன்னியும் மட்டக்களப்பும் இருந்தன! எட்டே மாதங்களுக்கு முன் சொந்தபந்தங்களைப் பறிகொடுத்த சனம் அவருடைய அன்னச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டது பாசத்தாலா? இருவரில் எவர் தோற்றாக வேண்டும் என்று கணக்குப் போட்ட வாக்கு அது என்பேன். யாழ்ப்பாணத்தில் நான்கில் மூன்று பேர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. 2024இல் மறுபடி நின்றவருக்கு நாடு முழுக்கச் சேர்த்தும் ஒரு விழுக்காடு தேறவில்லை.