நடராஜனின் உச்சம் எந்த எண்?

அணியை நிர்வகிக்கும் கணினி கேம்களை ஆடுகிறவர்களிடம் ஒரு பழைய மனக்குறை உண்டு. பெரிய ஆளாக வருவான் என்று நம்பி மூன்று பருவம் வளர்த்த பையன் ஒன்றுமில்லாமல் போய்விட்டான், கேம் நம்மை ஏமாற்றுகிறது என்பார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘ஃபுட்பால் மேனேஜர்’ கேமில் ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு மறைவான எண்கள் உண்டு. ஒன்று இன்றைய திறன், மற்றது எட்டக்கூடிய உச்சம்; இரண்டும் 200க்கு. இளம் வீரர்கள் சிலருக்கு மட்டும் உச்சம் ஒரு வரம்பாக எழுதப்பட்டிருக்கும். புதிதாகத் தொடங்கும்போது அதற்குள் ஏதோ ஓர் எண் விழும். விழுந்தபின் அது மாறாது. உச்சம் நமக்குத்தான் தெரியாது, கணினிக்குத் தெரியும்.

சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியில் பிறந்த கிரிக்கெட் பந்துவீச்சாளர் தங்கராசு நடராஜனை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான கையோடு அவருடைய பந்துவீச்சு முறை மீது சந்தேகம் எழுந்தது. அதைத் திருத்திக்கொண்டுதான் திரும்பி வர முடிந்தது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய். 2018, 2019 இரண்டு பருவமும் சன்ரைசர்ஸ் அணியில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2020 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகத் தேர்வானவர், 2021 ஜனவரிக்குள் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார். அப்போது வயது 29. அவருக்கு 20 வயதிலேயே உச்சத்தை எழுதிப் பூட்டியிருந்தால், அது எந்த எண்ணாக இருந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையை வைத்து ஒரு கபடி கேம் செய்வதாக வைத்துக்கொள்வோம். வெள்ளிமலையில் 16 வயது ரைடர் ஒருவன். தேர்வாளர் அவனை ஒரே ஓர் ஆட்டத்தில் பார்த்திருந்தால், திரையில் அவன் இன்றைய திறன் ‘60 முதல் 120’ என்று இருக்க வேண்டும். பத்து ஆட்டம் பார்த்தபின் ‘80 முதல் 100’. இது நம் அறியாமை, செலவழித்தால் குறையும். கச்சிராயப்பாளையம் தாண்டி மலையேற ஆள் அனுப்ப அணிக்கு மனம் இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. மைதானங்கள் நகரத்திலேயே இருப்பதால் நகரத்துப் பையன்களின் வரம்பு தானாகவே சுருங்கிவிடும். அந்த ஏற்றத்தாழ்வையும் கேம் மறைக்கக் கூடாது.

இன்னொன்று வேறு சங்கதி. விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்குமா, முழங்கால் தாங்குமா, குடும்பம் வேலைக்கு வெளியூர் போனால் அவனும் கூடவே போய்விடுவானா? எத்தனை தேர்வாளர்களை அனுப்பினாலும் இதற்கு இன்று பதில் இல்லை. அவன் இனிமேல்தான் ஆக வேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே பகடையில் உருட்டினால், நாம் தவறாகக் கணித்தோமா, காலம்தான் கைவிட்டதா என்று ஆடுகிறவருக்குப் புரியாது. குறையின் நியாயமான பாதி இதுதான். பையன் தேறாமல் போகலாம், காரணம் தெரியாமல் போகக் கூடாது. பருவத்தின் முடிவில் ஒற்றை உருட்டலுக்குப் பதிலாக, மாதாமாதம் காரணத்தோடு கட்டிய சிறு உருட்டல்கள் போதும். உச்சமும் அவற்றோடு ஏறி இறங்கட்டும். அவன் பக்கத்தில் ‘மார்ச்: முழங்கால் காயம், 7 வாரம். ஜூன்: பயிற்சியாளர் மாற்றம், பயிற்சி நேரம் பாதி’ என்று இரண்டு வரி இருந்தால், அடுத்த பருவத்துப் பணத்தைத் தேர்வாளருக்குக் கொடுப்பதா, பயிற்சியாளருக்குக் கொடுப்பதா என்று ஆடுகிறவர் யோசித்து முடிவெடுப்பார்.