சிரிக்க வைத்த பூதமும் சின்னவன் கேட்ட கேள்வியும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் புளியங்குடி வீட்டில் ஒரே சிரிப்பு!

சமையலறை வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், டி.வி.யில் 'நாளைய மனிதன்' ஓடிக்கொண்டிருந்தது. 1989-ல் வேலு பிரபாகரன் இயக்கி வெளிவந்த படம். பிரபு கதாநாயகன். ஜெய்சங்கர் விஞ்ஞானி. செத்தவர்களை எழுப்புகிற மருந்தைக் கண்டுபிடிக்கிறார். ஆனால் எழுந்து வருவதோ கொலைவெறி பிடித்த ஒரு பூதம்! அந்த வேடத்தில் நெட்டையாக அஜய் ரத்னம். அடுத்த ஆண்டே 'அதிசய மனிதன்' என்று இரண்டாவது பாகமும் வந்தது.

அந்தக் காலத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தவர்கள் உண்டு. இப்போது பார்த்தால் பயமா வருகிறது? "அத்தே, பூதம் வாரதுக்கு முன்னாடியே மியூசிக் வந்து சொல்லிருதே, கதவைச் சாத்திட்டு ஓடக் கூடாதா?" என்றாள் நாத்தனார் மகள். எங்கள் வீட்டுக்காரர், "நம்ம தெரு நாய்க்கு இருக்கிற வேகம்கூட இதுக்கு இல்லையே" என்றார்.

மாமியார்தான் எல்லாரையும் மிஞ்சிவிட்டார். "இம்புட்டுப் படிச்ச டாக்டரு, எந்திரிச்சு வந்தவனுக்கு ஒரு வாய் கஞ்சி குடுக்கணும்னு தோணலையே! பசியிலதான் இப்படித் திரியுதான்!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். போன தை மாதம் மாமா காலமானதிலிருந்து அத்தை வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தப் படத்துக்கு அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம்.

இந்த மாதிரிப் படங்கள் எதனால் வேடிக்கையாகிப் போகின்றன? அரை லிட்டர் பாலை வைத்துக்கொண்டு முப்பது பேருக்குப் பாயசம் வைப்பது போலத்தான். ஆசை பெரிது, கையிருப்பு சிறிது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-ல் அமெரிக்கக்காரர்களோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தது. தமிழில் 'காடு' என்று பெயர். ஆதி காலத்து ரோம யானைகள் வரவேண்டும். எங்கே போவது? நம் யானைகளுக்கே முடியைப் போர்த்தி நடக்க விட்டார்கள்! அமெரிக்காவில் எட் வுட் என்பவர் 1955-ல் எடுத்த பைத்தியக்கார விஞ்ஞானி படத்தில் ஒரு ரப்பர் ஆக்டோபஸ். அதை அசைக்க மோட்டார் இல்லை. அதனிடம் மாட்டிக்கொண்டவரே அதன் கைகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டு அலற வேண்டியதாயிற்று.

சரி, கதைக்கு வருகிறேன். படம் முடிந்தது. மூலையில் விளையாடிக்கொண்டிருக்கிறான் என்று நான் நினைத்த என் ஐந்து வயது மகன் எழுந்து வந்தான். அவன் சிரிக்கவில்லை.

"ஆச்சி, அந்த ஊசியை நம்ம தாத்தாவுக்குப் போட்டா வந்துருவாவளா?"

வீடே அடங்கிப் போயிற்று. நான் பாட்டுக்கு, "போய் விளையாடு ராசா" என்று பேச்சை மாற்றப் பார்த்தேன். அத்தை என்னைக் கையமர்த்திவிட்டு அவனை மடியில் இழுத்துக்கொண்டார்.

"இல்லய்யா, வர மாட்டாவ. எந்த டாக்டரு எந்த ஊசி போட்டாலும் வர மாட்டாவ. சினிமாவுல வந்தது வேஷம் போட்ட ஆளு. தாத்தாவைத் தேடுதா ஒனக்கு? எனக்கும் தேடத்தான் செய்யுது."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப தாத்தா தூங்கலையா?"

எனக்குச் சுருக்கென்றது. மாமா போன நாளிலிருந்து அவன் கேட்டபோதெல்லாம், "தாத்தா தூங்குதாவ" என்று நான்தானே சொல்லி வந்தேன்? இத்தனை மாதமாக ராத்திரி படுக்கவே அடம் பிடித்தானே! வயிற்றில் பூச்சி என்று நினைத்து மருந்தெல்லாம் வாங்கிக் கொடுத்தேனே! தூங்கினால் தாத்தா மாதிரித் திரும்பி வராமல் போய்விடுவோம் என்று பிஞ்சு மனசு நடுங்கியிருக்கிறது. பயமுறுத்தியது டி.வி. பூதம் இல்லை சகோதரிகளே, நான் சொன்ன பொய்!

செத்தவரை எழுப்பும் விஞ்ஞானியின் கதைக்கு மூலம் எது தெரியுமா? 1818-ல் இங்கிலாந்தில் வெளிவந்த 'ஃப்ராங்கன்ஸ்டைன்' நாவல். எழுதியவர் மேரி ஷெல்லி என்ற பெண். எழுதத் தொடங்கியபோது வயது 18. அவரைப் பெற்ற தாய் 1797-ல், பிரசவமான சில நாட்களிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். மேரிக்கு 1815-ல் குறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தையும் தங்கவில்லை. அந்தக் குழந்தை குளிரில்தான் விறைத்திருந்தது, கணப்பின் அருகே வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்டது என்று ஒரு நாள் கனவு கண்டதாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு, இரண்டாவது குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதுதான் இந்தக் கதை பிறந்தது.

அந்த நாவலில் விஞ்ஞானி தான் உயிர் கொடுத்ததைப் பார்த்த மாத்திரத்தில் அருவருத்து ஓடிவிடுகிறான். ஆதரவில்லாமல்தான் அது கெட்டுப்போகிறது. கஞ்சி கொடுக்கவில்லையே என்று எங்கள் அத்தை சொன்னாரே, நாவல் படிக்காமலே சரியான இடத்தைத் தொட்டுவிட்டார்!

ஆகவே, படத்தைப் பார்த்துச் சிரிப்போம், தப்பில்லை. ஆனால் போனவர் திரும்பி வரமாட்டாரா என்ற ஏக்கம் சிரிப்புக்குரியது இல்லை. அது குழந்தைக்கும் உண்டு. நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சாவு என்றால் திரும்பி வராதது என்பது ஐந்து வயதுக்குள் பல குழந்தைகளுக்குப் புரிவதில்லை. "தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். தூக்கமும் பயணமும் பயமாகிப் போகும். "இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வரமாட்டார்" என்று சுருக்கமாக, உண்மையாகச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அலுக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் மறைக்க வேண்டாம். பூதப் படம் பார்த்துப் பயந்தால், "இதுக்குப் போயா?" என்று கேலி செய்யாமல், வேஷம் எப்படிப் போடுகிறார்கள் என்று விளக்குங்கள். சின்னக் குழந்தை இருக்கும் அறையில் அந்தப் படங்களைப் போடாமலிருப்பது இன்னும் நல்லது. அதை நான் தவறிவிட்டேன். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் டாக்டரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

மறுநாள் காலை அத்தை ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா இந்த ஊர் எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதியவர். பக்கத்தில் சின்னவன், பழுத்தது ஒரு பக்கம், காய் ஒரு பக்கம் என்று தாத்தா சொல்லிக்கொடுத்தபடி பிரித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"ஆச்சி, தாத்தா வர மாட்டாவல்லா?"

"வர மாட்டாவய்யா. அந்தப் பழத்தை இங்கிட்டு எடு."