மிகைநேரச் சம்பளமும் ரஹ்மா உதவித் தொகையும்: பொந்தியான் தொழிலாளர் குடும்பங்களின் கோரிக்கை மனு

பெறுநர்: தலைமைச் செயல்முறை அதிகாரி, உள்நாட்டு வருமான வரி வாரியம், சைபர்ஜெயா
நகல்: நிதியமைச்சு, புத்ராஜெயா, மாவட்ட அலுவலகம், பொந்தியான்

பொருள்: ரஹ்மா உதவித் தொகைக்கான தகவலைப் புதுப்பிக்கும்போது ஓவர்டைம் வருமானத்தைக் கணக்கிடும் முறை



பொந்தியான், பெக்கான் நானாஸ், பெனுட் வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்களிலும் அன்னாசித் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் எங்கள் சங்க உறுப்பினர்களின் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

எங்கள் உறுப்பினர்களின் அடிப்படைச் சம்பளம் நிலையானது. கைக்கு வரும் பணம் அப்படியல்ல. சீனப் புத்தாண்டுக்கு முன் அன்னாசிக்குக் கிராக்கி ஏறினால் ஓவர்டைம் குவியும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தோட்டத்தில் வேலையே குறைந்துவிடும். ரஹ்மா உதவித் தொகை விண்ணப்பத்தில் 'மாத வருமானம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பலர் கையில் இருக்கும் கடைசிச் சம்பளச் சீட்டைப் பார்த்தே எழுதிவிடுகிறார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை 26 நாளுக்கும், நாளுக்கு 8 மணி நேரத்துக்கும் பங்கிட்டால் ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளி 17 காசு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சாதாரண நாளில் ஓவர்டைமுக்கு அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு. ஒரு தொழிலாளி ஆண்டில் நான்கு மாதம் 80 மணி நேரமும் மற்ற எட்டு மாதம் 10 மணி நேரமும் ஓவர்டைம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை மிகுந்த மாதத்தின் சீட்டில் இருப்பது 2,681 வெள்ளி. ஆண்டு முழுவதன் சராசரியோ 2,109 வெள்ளிதான்.

உதவித் தொகையில் 2,500 வெள்ளி மாதக் குடும்ப வருமானம் ஒரு கோடு. 2024-ஆம் ஆண்டு உதவி அளவின்படி, மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கோட்டுக்குக் கீழே ஆண்டுக்கு 2,000 வெள்ளி, மேலே 1,000 வெள்ளி. மனைவிக்கு வேலை இல்லாத அந்தத் தொழிலாளி எந்தச் சீட்டைப் பார்த்து எழுதினார் என்பதால் பாதித் தொகை போகிறது. குறைத்து எழுதினால் பொய் சொன்னவர்கள் ஆவோமோ என்ற பயம் வேறு. நேர்மையாக எழுதுகிறவருக்கே நட்டம் வரும் முறை சரியல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊழியர் சேமநிதிச் சந்தாவுக்கு ஓவர்டைம் பணம் சம்பளமாகக் கணக்கிடப்படுவதில்லை.  முதுமைக்குச் சேரும் சேமிப்பில் சேராத பணம், உதவியைக் குறைக்க மட்டும் முழுதாகக் கணக்கில் வருவது எங்களுக்கு உறுத்துகிறது.

ஆகவே, முதற்கோரிக்கையாக, வருமானம் மாறும் தொழிலாளருக்கு முந்தைய ஆண்டின் இ.ஏ. பாரத்திலுள்ள மொத்த வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்த சராசரியையே மாத வருமானமாக ஏற்க வேண்டும். பிப்ரவரி இறுதிக்குள் முதலாளி தரவேண்டிய பாரம் அது. புதிய ஆவணம் ஏதும் தேவையில்லை. இந்த விதியை விண்ணப்பப் பக்கத்திலேயே, தமிழிலும், ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கோடு அச்சிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து, கோட்டை ஒட்டிச் சிறிது சலுகை வேண்டும். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் முடிவுக்கு வந்த வரிச்சலுகை உதவித் திட்டத்தில், அதன் கடைசி ஆண்டுகளில், முந்தைய ஆண்டைவிட வருமானம் 2,500 பவுண்டு வரை கூடினாலும் அவ்வாண்டின் உதவி குறையவில்லை. நம் நாட்டுக்கு ஏற்ற வரம்பை நிதியமைச்சு முடிவு செய்யட்டும். சராசரி கோட்டைச் சில நூறு வெள்ளி தாண்டியதும் தொகையைப் பாதியாக வெட்டாமல் படிப்படியாகக் குறைக்கலாம்.

சரியான ஆவணத்தோடு, ஆனால் தவறான மாதத்தைக் கொண்டு எழுதியவர்களின் முறையீடுகளைப் பொய்த் தகவலாகக் கருதாமல் திருத்தமாக ஏற்க வேண்டும். புதுப்பிப்புக் காலத்தில் பொந்தியானில் ஓர் உதவி முகப்பும் திறந்தால் நல்லது. இணையத்தில் தட்டுத் தடுமாறும் மூத்த தொழிலாளர்கள் சீட்டுகளோடு வந்து கேட்டுப்போவார்கள்.

அடுத்த புதுப்பிப்பு தொடங்குமுன் எங்கள் பிரதிநிதிகளைச் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கி, எழுத்துபூர்வமான பதிலையும் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், சங்க உறுப்பினர்கள்
பொந்தியான், ஜொகூர்