இரவல் கட்டுரையும் சொந்தக் குரலும்

‘நேர்மை’ என்னும் தலைப்பில் கட்டுரை வரைக எனப் பணித்தால், நம் வகுப்பு மாணவர் அறுபதின்மரும் அரிச்சந்திரனையே அழைத்து வருவர். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் பகுப்பு முறையாக அமைந்திருக்கும். மேற்கோளும் பிழையின்றி நிற்கும். எழுதிய மாணவன் மட்டும் அதில் எங்கும் இரான். இன்றோ கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் மென்பொருள்கள் அவன் கைப்பேசியிலேயே வந்துவிட்டன. இரவல் கட்டுரைக்கு மதிப்பெண் வழங்கிப் பழகிய நாம், இரவல் தரும் கருவியை மட்டும் நொந்துகொள்வதில் பொருளில்லை.

இதற்கு மாற்றுவழி உண்டு. அமெரிக்க வானொலியில் எட்வர்டு மர்ரோ என்னும் செய்தியாளர் 1951ஆம் ஆண்டு, ‘நான் நம்புவது இது’ எனப் பொருள்படும் நிகழ்ச்சியொன்றைத் தொடங்கினார். ஹெலன் கெல்லர் போன்ற புகழாளரும் எளிய மக்களும் தம் வாழ்வை வழிநடத்தும் நம்பிக்கையைச் சில நிமிடங்களில் எடுத்துரைத்தனர். 2005இல் அது புத்துயிர் பெற்றபோது வகுப்பறைகளிலும் இடம்பிடித்தது. அறிவுரை கூறாமல், தன் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி நம்பிக்கையை விளக்குக என்பதே அதன் நெறி.

கணினிவழிக் கதைசொல்லல் இதன் உடன்பிறப்பு எனலாம். 1994இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜோ லாம்பர்ட் முதலானோர் நிறுவிய மையம் இம்முறையை வளர்த்தது. ஒருவர் தம் கதையைத் தாமே எழுதி, தம் குரலில் பதிவுசெய்து, தம் வீட்டுப் புகைப்படங்களைச் சேர்த்து, இரண்டு மூன்று நிமிடக் காணொளியாக்குகிறார். கருவியைத் தொடுமுன் அனைவரும் வட்டமாக அமர்ந்து ஒருவர் கதையை மற்றவர் கேட்பதே முதற்படி.

வட்டமாக அமர்ந்து கேட்பது நெல்லைக்குப் புதிதன்று. ரசிகமணி டி.கே.சி.யின் வண்ணார்பேட்டை இல்லத்து வட்டத்தொட்டியை அறியாதார் யார்? உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட நிறைவுசெய்யாத கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டதும் மக்களின் வாய்மொழிக் கதைகளைத் திரட்டவே. நெல்லையில் வாழ்ந்து 2019இல் மறைந்த தோப்பில் முகமது மீரான், மலையாள வழியில் கல்வி கற்றவர். அவரது ‘சாய்வு நாற்காலி’ தென்குமரிக் கடற்கரையின் பேச்சுமொழியைச் சுமந்துகொண்டே 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வீட்டில் கேட்ட மொழி இலக்கியத்துக்குத் தடையன்று, மூலதனமே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஒருமுறை அதே ‘நேர்மை’யை, அரிச்சந்திரன் வரக்கூடாது என்னும் ஒரே நிபந்தனையுடன் மீண்டும் எழுதச் சொன்னேன். மேலப்பாளையத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, இரவில் பீடி சுற்றும் தன் உம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். கட்டிய கட்டைப் பிரித்து மீண்டும் எண்ணும் தாயிடம் காரணம் கேட்டாளாம். “எண்ணிக்க கொறஞ்சா எனக்கு ஒறக்கம் வராதுளா” என்பது விடை. அவள் அதனை வகுப்பில் வாசித்தபோது, எப்போதும் சலசலக்கும் பின்வரிசையும் அமைதியாயிற்று. எந்த உரைநூலும் அவளுக்கு அதனை எழுதித் தந்திருக்க இயலாது. எந்த மென்பொருளும் அந்தத் தாயை அறியாது.

2023 டிசம்பர் வெள்ளத்தை எண்ணிப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது என்பது செய்தித்தாளில் உள்ளது. தாமிரவருணி கரைபுரண்ட அவ்விரவில் மாடியேறியவர் யார், எதனை முதலில் எடுத்துச் சென்றனர், எவர் வீட்டுச் சோறு எவரைக் காத்தது என்பன நம் மாணவர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அவற்றைப் பதியாவிடில் அவையும் வெள்ளத்தோடு போனவையே.

இம்முறையில் இடர்களும் உள. நம்பிக்கை என்றவுடன் சமயத் தேர்வு என மாணவர் அஞ்சலாகாது. பல சமயத்தாரும் ஒருங்கே அமரும் வகுப்பில் எதனைச் சொல்வது, எதனைச் சொல்லாதிருப்பது என்பது அவரவர் உரிமை. மதிப்பெண் சொல்லும் திறத்துக்கே அன்றி நம்பிக்கைக்கு அன்று. தாயின் படமும் பாட்டியின் குரலும் அவர்தம் இசைவின்றி வகுப்பறையைத் தாண்டுதல் முறையன்று. கைப்பேசி இல்லாத மாணவர், பிறரோடு குழுவாக இணைந்து ஒரே கருவியில் பதிவுசெய்யலாம். குரல்பதிவில் வட்டார வழக்கும், எழுத்துப்படியில் செந்தமிழும் அமையின் இரண்டும் வளரும்.

எல்லாவற்றினும் முதன்மையான நெறி ஒன்றுண்டு. மாணவரைச் சொல்லுமாறு கேட்குமுன் ஆசிரியர் தம் கதையைச் சொல்லவேண்டும். மேடையில் நின்று பேசிப் பழகிய நமக்கு, வட்டத்தில் ஒருவராய் அமர்வது சற்றுக் கடினமே. எனினும், வாரத்தில் ஒரு பாடவேளையையேனும் இதற்கென ஒதுக்கத் தமிழாசிரியர்கள் முன்வருதல் வேண்டும். தம் குரலைக் கேட்கவும் ஒருவர் உண்டு எனத் தெரிந்த பின்னரும் இரவலைத் தேடுவோர் மிகச் சிலரே.