நொண்டிய கடிகாரம்

ஜெர்மனி நாட்டில் 35 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் தமக்கையார், சென்ற ஆண்டு ஊர் திரும்பினார். அவர் கொணர்ந்த உடைமைகளுள் ஓர் அட்டைப் பெட்டியை மட்டும் விமானத்தில் தம் காலடியிலேயே வைத்துக் காத்து வந்தாராம். அதனுள் இருந்தது புத்தம் புதிய குக்கூ கடிகாரம்.

இது சுவிட்சர்லாந்துப் பொருள் என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வாறு எண்ணுவோர் இன்னும் பலர். உண்மையில் இதன் தாயகம் ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள கருங்காடு என்னும் மலைப்பகுதி. 18-ஆம் நூற்றாண்டு முதலே அங்கு இக்கடிகாரங்களைச் செய்து வருகின்றனர். 1850-இல் ஃபுர்ட்வாங்கன் ஊரின் கடிகாரத் தொழிற்பள்ளித் தலைவர் ராபர்ட் கெர்விக், கடிகாரத்திற்குப் புதிய வடிவம் வேண்டி ஒரு போட்டி அறிவித்தார். ஃப்ரீட்ரிக் ஐசன்லோர் என்ற கட்டடக் கலைஞர், இருப்புப்பாதைக் காவலரின் சிறு வீட்டையே கடிகாரக் கூடாக வரைந்து அனுப்பினார். சரிந்த கூரையும் சிறு கதவுமாக இன்று நாம் காணும் வடிவம் அதன் வழிவந்ததே. தனக்கெனக் கூடு கட்டாமல் அயல் கூட்டில் முட்டையிடும் பறவைக்கு மனிதன் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறான்! (நம் ஊர்க் குயிலும் அதே குடும்பந்தான், காக்கையிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்லும்.)

நம் அன்னையாருக்கு அகவை 88. பார்வை பெரிதும் மங்கிவிட்டது. இரவில் உறக்கமும் அரிது. கடிகாரம் அரை மணிக்கொரு முறை கூவும் என்று கேட்டதும், "நான் கண்ணை மூடுறதே அபூர்வம். அதையும் கெடுக்க ஒரு பறவையா?" என்று கடிந்துகொண்டார். தமக்கையார் மறுமொழி கூறவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஒரு மாதம் அது அங்கேயே கிடந்தது. தாயும் மகளும் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நமக்கோ அந்த மௌனம் எந்தக் கூவலையும் விடத் தொல்லையாக இருந்தது.

ஆகவே ஒரு நாள் பிற்பகல், தமக்கையார் வெளியே சென்றிருந்த வேளையில், நாமே அதை மாட்டத் துணிந்தோம். நம்முடையது மின்கலத்தால் அன்றி, சங்கிலியில் தொங்கும் எடைக்குண்டுகளால் ஓடும் வகை. வழியில் சங்கிலிகள் நழுவாதிருக்க, அவற்றினூடே ஒரு கம்பியைக் கோத்து அனுப்புகின்றனர். கடிகாரத்தைச் சுவரில் மாட்டிய பின்னரே அக்கம்பியை உருவ வேண்டும். நாம் மேசையின் மீதே உருவினோம்! போதாக்குறைக்கு, பின்புறத்தைக் காணும் ஆவலில் தலைகீழாகவும் புரட்டினோம். உள்ளே ஒரு சங்கிலி பற்சக்கரத்தை விட்டு நழுவிற்று.

திரும்பி வந்த தமக்கையார் ஏசுவார் என்று காத்திருந்தோம். அவரோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பலகையைத் திறந்து, ஒரு மெல்லிய கம்பிக் கொக்கியால் சங்கிலியை மீண்டும் சக்கரத்தில் ஏற்றினார். நோயாளிகளின் கையில் நரம்பு தேடிப் பழகிய விரல்கள் அல்லவா? பின்னர் ஆறடி உயரத்தில் ஆணி அடித்து மாட்டினோம். கம்பியை உருவி, பைன் மரக் காய் போன்ற வடிவில் வார்த்த எடைக்குண்டுகளைத் தொங்கவிட்டோம். பறவையின் கதவைப் பூட்டியிருந்த சிறு கம்பியை விலக்கிப் பெண்டுலத்தை ஆட்டிவிட்டோம்.

இரண்டு நிமிடம் ஓடிற்று, நின்றது. மீண்டும் ஆட்டினோம், மீண்டும் நின்றது. "வழியில் அடிபட்டுவிட்டதோ?" என்று கேட்டபோது தமக்கையாரின் குரல் தழுதழுத்தது.

அப்போது உள்ளறையிலிருந்து அன்னையாரின் குரல் வந்தது: "அது நொண்டுதடி. ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை."

அதுவே உண்மை. 'டிக்' என்பதற்கும் 'டாக்' என்பதற்கும் இடைவெளி ஒன்றாயிருந்தாலன்றிப் பெண்டுலம் தொடர்ந்து ஆடாது. கூடு கண்ணுக்கு நேராகத் தோன்றினால் மட்டும் போதாது. செவிக்கு நேராக இருக்க வேண்டும். அன்னையார் சுவரைப் பற்றியபடி வந்து நாற்காலியில் அமர்ந்தார். தமக்கையார் கூட்டின் அடிப்பகுதியை நூலளவு இடப்புறம் நகர்த்தினார். "போதாது... இன்னும் கொஞ்சம்... ஐயோ, அதிகமாயிட்டுது, திருப்பு." கால் மணி நேரம் இவ்வாறு நடந்தது. நமக்கு எல்லா ஒலியும் ஒன்றாகவே கேட்டது என்பதை ஒப்புக்கொள்கிறோம். முடிவில் அன்னையார், "இப்ப நடக்குது பார்" என்றார். கடிகாரம் அதன் பின் நிற்கவில்லை.

நிமிட முள்ளை முன்னோக்கியே திருப்ப வேண்டும். அரை மணியிலும் முழு மணியிலும் பறவை கூவி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். நான்கு மணிக்குக் கதவு திறந்தது. உள்ளே இரண்டு சிறு துருத்திகள், இரண்டு குழல்கள். ஒன்று உயர்ந்த சுரம், மற்றது தாழ்ந்த சுரம். அவ்வளவே அந்தப் பறவையின் தொண்டை. அன்னையார் விரல் விட்டு எண்ணினார். நான்கு சரியாக இருந்தது.

முதல் வாரம் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பிந்தியது. பெண்டுலத்திலுள்ள மர இலையைச் சற்று மேலே தள்ளினோம், சீராயிற்று. கூவலை நிறுத்தப் பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. இரவு ஒன்பது மணிக்குத் தமக்கையார் அதைத் தள்ளிவிடுகிறார். எடைக்குண்டுகள் ஒரு நாளில் கீழே இறங்கிவிடுவதால், அதே வேளையில் சங்கிலியின் மறுமுனையை நேராகக் கீழே இழுத்து அவற்றை மேலேற்ற வேண்டும். குண்டைக் கையால் தூக்கலாகாது. சங்கிலி தளர்ந்து நழுவும். ஒரு முறை நழுவவிட்டது போதும்.

ஒன்பது மணி அடிப்பதற்கு முன்பே உள்ளறையிலிருந்து கேள்வி வந்துவிடுகிறது: "சங்கிலி இழுத்தாச்சா?"