பேர் வெட்டிய பிறகு

இறப்பர் தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று அப்பா அம்மா வைத்தது. மற்றது ஒரு நாள் கூலி. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, பால் வெட்டி, எடை காட்டினால் பேர் விழும். மழை பிடித்துக்கொண்டாலோ பால் குறைந்தாலோ அரைப்பேர். இந்த மாதம் எத்தனை பேர் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது ஆட்களை எண்ணுவதற்காக அல்ல. பேரெல்லாம் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருக்கும். ஆள் செத்தால் பேரை வெட்டிவிடுவார்கள். கணக்கப்பிள்ளைக்கு அது ஒரு கோடு.

இலங்கையின் கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லையைச் சுற்றியுள்ள மண்ணில் உழைத்து இறந்தவர்களைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஊரின் சிங்களப் பேரிலேயே ரத்தினமும் மணலும் உண்டு. தெற்கே இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகள். இதே கேகாலை மாவட்டத்தில் போகல காரீயச் (கிராஃபைட்) சுரங்கம். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பக்கமெல்லாம் இறப்பர். மூன்றிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள், மூன்றையும் சேர்த்து நினைக்க ஒரு கல் இல்லை.

காரீயத்தின் கதையைக் கேட்டால் யாருடைய பேர் நிலைத்தது என்பது விளங்கும். உலோகம் உருக்கும் மூசைகளுக்கு இலங்கைக் காரீயம்தான் வேண்டும் என்று உலகம் வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. முதல் உலகப் போர் நடந்த 1916இல் மட்டும் முப்பதாயிரம் தொன்னுக்கு மேல் கப்பலேறியது. மர ஏணியில் இறங்கி, கையால் சுற்றும் ராட்டினத்தில் பீப்பாய் பீப்பாயாய் அதை மேலே ஏற்றியவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்து ஆண்கள். போர் முடிந்ததும் விலை சரிந்தது, குழிகள் மூடப்பட்டன. காசு மட்டும் கொழும்பில் தங்கியது. நாட்டின் முதல் பிரதமர் டி.எஸ்.சேனநாயக்கவின் தந்தை டொன் ஸ்பேட்டர் செல்வம் சேர்த்தது காரீயத்தில். மூன்றாவது பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலவின் குடும்பத்துக்கும் காரீயச் சுரங்கம் இருந்தது. அந்தப் பேர்களுக்குச் சிலை இருக்கிறது, வீதி இருக்கிறது, பல்கலைக்கழகமே இருக்கிறது. குழிக்குள் புகை மூச்சடைத்தும் ஏணி முறிந்தும் போனவர்களுக்கு என்ன இருக்கிறது?

தோட்டத்துத் தமிழர்களின் பேர் இரண்டு தடவை வெட்டப்பட்டது. செக்ரோலில் வெட்டுவது செத்த பிறகு. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் உயிரோடு இருந்தவர்களையே வெட்டியது. வாக்காளர் பட்டியலிலிருந்து பேர் போனது அதன் தொடர்ச்சி. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது காரீயத்தில் வளர்ந்த அதே வீட்டுப் பிள்ளை டி.எஸ்.சேனநாயக்கவின் அரசாங்கம். இதைச் சுரங்கத்தோடு முடிச்சுப் போடுவது நியாயமா என்று சிலர் கேட்கலாம். முடிச்சை யாரும் புதிதாகப் போடவில்லை, அது முன்பே விழுந்து கிடக்கிறது.

ருவான்வெல்லைக்கு நினைவாற்றலே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1934-35 மலேரியாவில் கேகாலை மாவட்டம்தான் மிக மோசமாக அடிபட்டவற்றில் ஒன்று. அப்போது பருப்பும் மருந்தும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாக வந்தவர் இடதுசாரித் தலைவர் என்.எம்.பெரேரா. ‘பருப்பு மாத்தையா’ என்றே ஜனங்கள் பேர் வைத்தார்கள். 1936இல் ருவான்வெல்லை அவரை அரச சபைக்கு அனுப்பியது. பருப்புக் கொடுத்தவரின் பேர் இன்றும் வாயில் இருக்கிறது. பருப்பு வந்து சேருமுன்பே போனவர்களின் பேர் இல்லை. இதில் அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஊர்கள் தலைவர்களை நினைப்பதில் கெட்டி, அவ்வளவுதான்.

செத்த தொழிலாளரை நினைக்கும் ஊரும் உண்டு. இந்தியாவில் தமிழர் உழைத்த சுரங்க ஊர் ஒன்றைப் பார்க்கலாம். கோலார் தங்க வயலை 1880இல் ஜோன் டெய்லர் கம்பெனி எடுத்து நடத்தத் தொடங்கியபோது வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் போனவர்களில் மிகப் பலர் தலித் தமிழர்கள். ஊர்ப் பேரெல்லாம் துரைமார் பேர்: ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை. சுரங்க வாய்களுக்கும் அப்படியே. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கு மேல் இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை தானாக வெடிக்கும். தப்பி மேலே வந்தவர்களின் நெஞ்சில் கல்தூள் தங்கிவிடும். 1930இல் கைநாட்டு எடுக்க நிர்வாகம் முனைந்தபோது, நாங்கள் குற்றவாளிகளா என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் நடவடிக்கையில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். 2001 பெப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. சம்பளம் போனது, மிஞ்சியது சயனைட் மண்மேடு. ஆனால் நவம்பர் 4 போகவில்லை. கம்பெனி இல்லாத ஊரிலும் அந்த ஆறு பேருக்குத் தொழிற்சங்கத்தார் மாலை போடுகிறார்கள்.

இலங்கை மலையகத்திலும் இந்த வழக்கம் உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சுடப்பட்ட கோவிந்தனையும், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணிப் பிரச்சினையில் சுடப்பட்ட சிவனு லட்சுமணனையும் ஆண்டுதோறும் நினைக்கிறார்கள். கவனித்துப் பார்த்தால் எல்லாம் துப்பாக்கிச் சாவுகள். போராட்டத்தில் விழுந்தவரைச் சங்கம் தூக்கிப் பிடிக்கும். பால் வெட்டப் போய்க் குளவி கொட்டிச் செத்தவரை யார் தூக்கிப் பிடிப்பது? ‘குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தோட்டத் தொழிலாளி பலி’ என்று பத்திரிகையில் இரண்டு அங்குலம் வரும். அடுத்த நாள் அதில் வடை மடிப்பார்கள்.

2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போனார்கள். உலகக் கேமராக்களெல்லாம் அங்கே நின்றன. அதே நாள் அதே மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் குடியிருப்புகள் மீது மண் விழுந்து 16 பேர் இறந்தார்கள். இது பலருக்கு இன்று ஞாபகமில்லை. அரநாயக்க என்றால் தலையாட்டுபவரிடம் களுபஹன என்று சொல்லிப் பாருங்கள்.

வீட்டளவில் நினைவு குறையவில்லை. மரண உதவிச் சங்கம் பெட்டியும் பந்தலும் பார்த்துக்கொள்ளும். தப்பு அடிப்பார்கள், கருமாதி நடக்கும், புதைத்த மேட்டில் ஒரு செடி ஊன்றுவார்கள். ஆனால் மேடு இருக்கும் நிலம் யாருடையது? அரசின் காணி, 1992 முதல் கம்பெனிக்குக் குத்தகை. சொந்த வீட்டுக்கு உறுதியில்லாதவர் கல்லறைக்கு எங்கே உறுதி தேடுவது?

ஒவ்வொரு பேரையும் ஓர் ஊரே காப்பாற்ற முடியும் என்பதற்கு வேல்ஸ் நாட்டில் செங்கெனித் என்ற சின்ன ஊர் சாட்சி. 1913 அக்டோபர் 14 அன்று அங்கே நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்களும் மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். சுரங்க முகாமையாளருக்கு விதித்த தண்டம் 24 பவுண். நூறாவது ஆண்டில் ஊர் கட்டிய தோட்டச் சுவரில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஓடு. அதில் பேர், வயது, இருந்த முகவரி. ஒரே தெருவின் பேர் அடுத்தடுத்த ஓடுகளில் வரும்போது, அந்தத் தெருவில் அன்று எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது என்று படிப்பவருக்குத் தானே விளங்கும்.

இங்கேயும் அப்படிப் பேர் எழுதிய ஒரு கல் வைக்கலாம் என்றால், கல்லுக்குச் செலவழிப்பதற்குப் பதில் வீட்டைக் கட்டிக்கொடுங்கள் என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் இலங்கையில் இருந்தும், பட்டியலில் பேர் இல்லாத கைக்காசு வேலையாளுக்கும், மாணிக்கக் குழியில் பங்குக்கு இறங்குபவருக்கும் அதைக் கேட்டு வாங்குவது மலையேறுவது மாதிரி. பேர் எழுதுவதும் காசு கேட்பதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

பிரதேச சபை செய்யக்கூடிய காரியம் சிறியது. சிங்களமும் தமிழும் சேர்ந்த ஒரு கல். அதில் காரீயம், மாணிக்கம், இறப்பர் என்ற பிரிவினை வேண்டாம். களுபஹனவின் 16 பேரோடு தொடங்கலாம். கம்பெனிகளிடம் பழைய செக்ரோல்களைக் கேட்கலாம். கொடுக்காவிட்டாலும் மரணப் பதிவேடு அரசாங்கத்திடம் இருக்கிறது. அதில் தொழிலுக்கு ஒரு கட்டம், இறந்த காரணத்துக்கு ஒரு கட்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பேர்களைப் பிரித்தெடுக்க, பதிவாளர் அனுமதித்தால், உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு தவணை போதும்.